மட்கார்டுக்கு எடுத்த பல் அச்சு

பல் மருத்துவர் அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியபோது மனைவியிடம் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: அதில் இரண்டு இருக்கைகளே உண்டு. மூன்றாவதாக ஒருவர் ஏற முடியாது. ஆகவே யாரையும் வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே அந்த வண்டி எங்கே போனாலும் அவர்கள் இருவரும் சேர்ந்தே போனதாக ஆகும். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துபவர். மாதிரியைப் பார்க்காமல் முடிவு சொல்லும் பழக்கம் இல்லாதவர். ஆனாலும் பிள்ளைகள் வேலை நிமித்தம் வேறு ஊர்களுக்குப் போய்விட்ட பிறகு, பழைய வண்டியின் பின்னிருக்கை காலியாகத் தொடர்ந்து வருவதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அவருக்குச் சலித்திருந்தது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்தார்கள்.

"முதல்ல எங்க போகலாம்? நீயே சொல்லு" என்றார் மருத்துவர்.

"எங்க அக்கா வீட்டுக்கு."

மருத்துவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கண்டிப்பா" என்றார்.

அந்த யோசனைக்கு வரலாறு உண்டு. அக்கா இருந்தது அடுத்த ஊரில்தான். ஆனால் அக்கா வீட்டு விசேஷம் எதுவாயினும் அன்று காலை யாராவது ஒருவருக்குப் பல் உடைந்துவிடும். பல் மருத்துவத்தில் இத்தனை அவசரங்கள் நிகழக்கூடும் என்பதை மருத்துவ உலகமே அறிந்திராது. ஒவ்வொரு முறையும் மனைவி தனியாகப் போவார். ஒவ்வொரு முறையும் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வைக்கப்படும். சற்று நேரம் கழித்து யாராவது வந்து, முகத்தைப் பார்க்காமல், அந்தத் தட்டை எடுத்துச் செல்வார்கள். எடுத்துச் செல்பவர்கள் காட்டும் நாகரிகம்தான் மனைவிக்கு அதிகமாக வலித்தது.

அக்கா அடுத்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. தொலைபேசியில் தங்கையிடம் தெளிவாகவே சொல்லிவிட்டார்: "உன் வீட்டுக்காரர்னு ஒருத்தர் நெஜமாவே இருக்காரா, இல்ல போட்டோ மட்டும்தானாடி? இந்தத் தடவையும் தனியா வந்து நின்னே, வாசல்லயே சோத்தைப் போட்டு அனுப்பிடுவேன்."

"வருவார்க்கா. புது வண்டியே அதுக்குத்தான் வாங்கியிருக்கு" என்றார் மனைவி. சொல்லும்போது அவர் அதை நம்பினார்.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், மருத்துவமனை நாற்காலி சன்னலைப் பார்த்துப் போடப்படாமல் இருந்திருந்தால். ஒரு நாள் அந்த நாற்காலியில் வாய் மரத்துப்போய்ச் சாய்ந்திருந்த நோயாளி, வண்டிகளைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக்கொள்ளும் ஆர்வலர்களின் சங்கமான தாழ்நிலை ஊர்திப் பேரவையின் தலைவர். பிழைப்புக்குக் காப்பீட்டு நிறுவன மேலாளர். அது அவருக்கே அவ்வப்போதுதான் நினைவுக்கு வரும். முன்பற்களுக்கிடையே இருந்த சந்தை அடைக்க வந்தவர், கண்ணெதிரே நின்ற வண்டியை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் விடுதலை பெற்றதும் கொப்பளிக்கக்கூட இல்லை.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க வண்டியில இடைவெளி இருக்கு."

"எங்க?"

"டயருக்கு மேல, மட்கார்டுக்குக் கீழ. என் கை முழுசா உள்ள போகும். நீங்க என் பல்லுல ஒரு நூல் போற சந்தை அடைக்கிறீங்க. வெளியில ஒரு பூனையே போற சந்தை வெச்சுக்கிட்டு எப்படித் தூங்கறீங்க?"

மருத்துவர் சன்னல் வழியே பார்த்தார். அதுவரை அவர் கண்ணுக்கு அது வண்டியாக இருந்தது. அந்தக் கணத்திலிருந்து இடைவெளியாக ஆகிவிட்டது. பிறகு பார்த்த வண்டிகளிலெல்லாம் அவருக்கு இடைவெளி மட்டுமே தெரிந்தது. பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடைவெளிக்கு மருந்து தாழ்த்துதல். ஏற்ற இறக்கம் செய்யக்கூடிய சஸ்பென்ஷன் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் சுருள்வில்லைத் தாங்கும் ஒரு வளையம். அதைத் திருகினால் வண்டி இறங்கும், எதிர்ப்பக்கம் திருகினால் ஏறும். இரண்டாவது பயன்பாட்டைப் பேரவையில் யாரும் பேசுவதில்லை. வண்டி தரையை நோக்கி இறங்கி நின்றது. இப்போது வேறு குறை தெரிந்தது: சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி, பல் போன கன்னம்போல இருந்தன. தலைவர் அவரைச் சக்கர ஆலோசகரிடம் அழைத்துப்போனார்.

அந்த இடத்தைக் கடை என்று சொன்னால் ஆலோசகர் வருத்தப்படுவார். வெள்ளைச் சுவர், அதில் ஒரே ஒரு ரிம் ஓவியம்போல மாட்டப்பட்டிருந்தது. டயர்கள் எதுவும் கண்ணில் படவில்லை. ரப்பர் வாசனைகூடத் திரைக்குப் பின்னாலிருந்து தயங்கித்தான் வந்தது. ஆலோசகர் தாழ்ந்த குரலில் பேசினார். மோசமான செய்தி சொல்வதற்கென்றே பழக்கப்பட்ட குரல்.

"ரிம்மோட அகலத்துக்கு நட்டநடுவுல ஒரு கோடு இருக்கிறதா வெச்சுக்குங்க சார். வண்டியில போல்ட் போட்டு முடுக்கற முகம் அந்தக் கோட்டுல இருந்து எவ்ளோ வெளிப்பக்கமா தள்ளியிருக்கோ, அதுதான் ஆஃப்செட். நம்பர் கூடக் கூடச் சக்கரம் உள்ள போய் ஒளிஞ்சுக்கும். குறையக் குறைய வெளிய வரும். உங்க வண்டிக்கு கம்பெனிக்காரன் நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர் குடுத்திருக்கான்." சற்று நிறுத்தினார். "பயந்த சுபாவம்."

"எவ்ளோ இருக்கணும்?"

"முப்பதுன்னா தைரியம். இருபத்தஞ்சுன்னா துணிச்சல். இருபத்திரண்டு..." அவர் சுவரிலிருந்த ரிம்மைப் பார்த்தார். "அது ஒரு நிலைப்பாடு சார். சக்கரம் எங்க முடியுது, வண்டியோட உடம்பு எங்க தொடங்குதுன்னு பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது. விளிம்பும் விளிம்பும் பேசிக்கணும்."

"உரசாதா?"

தலைவரும் ஆலோசகரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "புதுசுல எல்லாரும் கேக்கறதுதான்" என்றார் தலைவர் பெருந்தன்மையோடு.

அடுத்து டயர் அளவு. பக்கவாட்டில் எழுதியிருக்கும் மூன்று எண்களில் முதலாவது அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது, மூன்றாவது ரிம்மின் விட்டம். சுவர் உயர்ந்தால் டயர் மட்கார்டை முட்டும். தாழ்ந்தால் பள்ளத்தில் ரிம் அடிபடும். மொத்த உயரம் மாறினால் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும். இவற்றுள் எந்தத் துன்பம் அழகானது என்பதே பேரவையின் விவாதப் பொருள். இருபத்திரண்டு அணி, இருபத்தைந்து அணி என்று ஆஃப்செட்டிலும் பேரவை பிளந்து கிடந்தது. இரு அணியினரும் மருத்துவரின் வண்டியை இழுத்துக்கொள்ள முயன்றார்கள். அவர்களில் பாதிப்பேரிடம் வண்டியே இல்லை. கருத்து மட்டுமே இருந்தது. கருத்து உரசுவதில்லை என்பதால் அவர்களே மிகக் கடுமையாகப் பேசினார்கள்.

மருத்துவர் எந்த அணியிலும் சேரவில்லை. அறிவியல் பயின்றவர் அவர். அளந்து பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். சந்து, விளிம்பு, பொருந்துதல் ஆகியவற்றில் தமக்கு இணையான அனுபவம் அந்தப் பேரவையில் யாருக்கும் இல்லை என்பது அவருடைய எண்ணம், அது உண்மையும்கூட.

விடுமுறை நாளொன்றில் வீட்டுக் கார் நிறுத்துமிடத்திலிருந்து புதினா வாசனை வந்தது. மனைவி இறங்கிவந்து பார்த்தார். பல் அச்சு எடுக்கும் இளஞ்சிவப்புப் பசையை ஒரு வாளியில் குழைத்து, மருத்துவர் மட்கார்டின் உட்புறத்தில் அப்பிக்கொண்டிருந்தார். கையுறை, முகமூடி எல்லாம் அணிந்திருந்தார்.

"யாருக்குங்க பல் கட்டறீங்க?"

"அசையாதே. இறுகுது."

"நான் அசையலயே."

"வண்டியைச் சொன்னேன்."

வண்டி மிக நல்ல நோயாளியாக இருந்தது. எச்சில் விழுங்கவில்லை, குமட்டவில்லை, எப்போது முடியும் என்று கேட்கவில்லை. நான்கு அச்சுகளும் பழுதில்லாமல் வந்தன. அவற்றில் சுண்ணக்கலவை ஊற்றி வார்த்தெடுத்த நான்கு வெள்ளை மட்கார்டுகள், மருத்துவமனை அலமாரியில் நோயாளிகளின் தாடைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக வீற்றிருந்தன. தாடை வார்ப்புகளில் ஒன்று எதிரிலிருந்த மட்கார்டைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்ததை மருத்துவர் கவனிக்கவில்லை. அளந்து, கழித்து, கூட்டி, அவர் அடைந்த எண் இருபத்துநான்கு. இரு அணிகளுக்கும் சொந்தமில்லாத எண். அந்த எண்ணில் ரிம் எங்கும் கிடைக்காது. தனியாகச் செய்துதான் வாங்க வேண்டும்.

"சார், நான் இத்தனை வருஷமா கண்ணால பார்த்தேன். நீங்கதான் முதல்ல தொட்டுப் பார்த்திருக்கீங்க" என்றார் ஆலோசகர்.

சக்கரங்கள் வந்து பொருத்தப்பட்ட அன்று பேரவையே கூடியது. தலைவர் தம் முகவரி அட்டையை எடுத்து டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே செருகினார். அட்டை நுழைந்தது. இரண்டு அட்டைகளைச் சேர்த்துச் செருகினார். நுழையவில்லை. யாரோ கைதட்டினார்கள். ஆலோசகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அந்த மாலை எடுக்கப்பட்ட படங்களில் வண்டியைத் தவிர வேறு எவரும் இல்லை. உள்ளே அமர்ந்தால் அழகு கெடும் என்று எல்லோரையும் இறங்கி நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மனைவியும் மருத்துவரும் முதன்முறையாக அதில் சேர்ந்து கிளம்பினார்கள். தெருமுனையில் வண்டி திரும்பியதும் இடப்பக்கத்திலிருந்து துணி கிழிவதுபோல ஒரு நீண்ட ஒலி வந்தது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. புது டயர்."

"புது டயர் இப்படித்தான் அழுமா?"

"பழகிடும்."

"யாருக்கு?"

பள்ளம் ஒன்று வந்தது. இம்முறை ஒலி இரு பக்கமும் எழுந்தது. கருகிய ரப்பர் வாசனை உள்ளே வந்தது. மருத்துவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தார். மனைவி இறங்கினார். வண்டி பெருமூச்சு விட்டதுபோல ஒரு விரற்கடை மேலெழுந்தது. மருத்துவர் அதைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவியின் கைப்பையைப் பார்த்தார்.

"அதுல என்ன இருக்கு?"

"என்னைப் பார்த்தா அந்தக் கேள்வி?"

"இல்ல, சும்மா."

மனைவியும் குனிந்து டயரைப் பார்த்தார். "ஏங்க, என் கடைவாய்ப்பல்லுக்கு மூடி போட்டப்ப என்ன பண்ணீங்க? நீலப் பேப்பரை வெச்சு, கடி, கடி, இன்னும் நல்லாக் கடின்னு என் உயிரை எடுத்தீங்க இல்ல?"

"எங்க உசரமா இருக்கோ அங்கதானே நீலம் ஒட்டும்."

"வண்டியைக் கடிக்கச் சொன்னீங்களா?"

பல் பொருந்துவது வாய் திறந்திருக்கும்போது அல்ல, மூடும்போதுதான் என்பதை மருத்துவர் தம் கல்லூரி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கற்பித்துவந்தார். மெழுகிய தரையில், ஆளில்லாமல், அசைவில்லாமல் நின்ற வண்டிக்கு அச்செடுத்திருந்தார். ஆள் ஏறியதும் அது வாயை மூடிவிட்டது.

தவறு இன்னதென்று தெரிந்துவிட்டால் திருத்துவது எளிது என்று படிக்காதவர்கள்தாம் நினைப்பார்கள். வளையத்தை இருபது சுற்றுத் திருகினால் வண்டி இரண்டு விரற்கடை ஏறும், உரசல் நிற்கும். மருத்துவர் இதைத் தலைவரிடம் தொலைபேசியில் மெல்லக் குறிப்பிட்டார்.

"ஏத்தறதா?" என்றார் தலைவர். "டாக்டர், அடுத்த மாசம் நம்ம கண்காட்சி. முதல் பரிசுக்கு உங்க பேரை நானே பேசி வெச்சிருக்கேன். இப்ப வந்து இந்த மாதிரி வார்த்தையெல்லாம் பேசாதீங்க. பாரத்தைக் குறைங்க."

பாரம் குறைக்கப்பட்டது. மாற்றுச் சக்கரம் இறக்கப்பட்டது. ஜாக்கி, கால்விரிப்பு, மனைவியின் குடை எல்லாம் இறங்கின. எரிபொருள் கால் தொட்டிக்கு மேல் நிரப்பப்படவில்லை. அகலம் குறைந்த டயரை இழுத்துப் பிடித்து மாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மருத்துவர் மட்கார்டின் உள்விளிம்பில் நீலத் தாளை ஒட்டித் தெருவைச் சுற்றிவந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். இருவரும் சென்றால் நான்கு சக்கரங்களும் நீலம். மனைவியை இறக்கிவிட்டு அவர் மட்டும் சென்றார். வலப்பக்கம் இரண்டும் நீலம். அந்த முடிவை அவர் யாரிடமும் சொல்லாமல் மீண்டும் ஒருமுறை சென்றுவந்தார். நீலம்தான்.

"இறங்குங்க, நான் ஒரு ரவுண்டு போறேன்" என்றார் மனைவி.

வேகத்தடைகளைக் குறுக்காக ஏறி, பள்ளங்களை ஒதுக்கி, அவர் தெருவைச் சுற்றித் திரும்பினார். டயர்கள் தொட்ட அடையாளமே இல்லை. தாள்கள் வாங்கியபோது இருந்ததைப்போலவே இருந்தன. செய்தி ஆலோசகருக்குத் தெரிவிக்கப்பட்டது.

"அப்ப வண்டி மேடத்தை ஏத்துக்கிட்டிருக்கு சார்" என்றார் அவர். "சில வண்டிங்க அப்படித்தான்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீங்க வெளியில இருந்து ரசிங்க."

கண்காட்சியும் அக்காவின் விருந்தும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தன. மைதானம் அக்கா ஊருக்குப் போகும் வழியில் இருந்தது. மருத்துவர் இதை வரமாகக் கருதினார்.

"காலையில வண்டியைக் காமிச்சுட்டு, மத்தியானம் அக்கா வீடு. வேலை ரெண்டும் முடிஞ்சுது."

"எப்படிப் போறோம்?"

"நீ வண்டியில. நான் டாக்சியில, பின்னாலயே."

"சேர்ந்துன்னு சொன்னீங்க."

"சேர்ந்துதானே போறோம்? ஒரே ரோடு, ஒரே நேரம்."

மனைவி அவரை உற்றுப் பார்த்தார். சோதனைக்கூடத்தில் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபின் பார்க்கும் பார்வை அது. பிறகு, "அக்கா வீட்டு வாசல்ல ரெண்டு பேரும் ஒரே வண்டியில இருந்து இறங்கணும். அது மட்டும்தான் எனக்கு வேணும். அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது" என்றார்.

"மைதானத்துல பரிசு வாங்கினதும் ஏதாவது பண்ணிடலாம்" என்றார் மருத்துவர்.

மைதானத்தில் வண்டிகள் வந்துகொண்டிருந்தன, அதாவது, கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை லாரிகளின் முதுகில் படுத்து வந்தன. மெத்தை விரித்த பலகைகள்மீது குழந்தையை இறக்குவதுபோல இறக்கப்பட்டன. தம் கால்களால் ஓடிவந்தவை மிகச் சிலவே. அவற்றின் உரிமையாளர்கள் சற்றுக் கூச்சத்துடன் ஒதுங்கி நின்றார்கள். மரத்தடியில் ஒரு வாடகை வேன் நின்றது. அதிலிருந்து பதினைந்து பெண்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு இறங்கினார்கள். பேரவையினரின் மனைவியர் கண்காட்சிக்கு வரும் வாகனம் ஆண்டுதோறும் அதுதான்.

மருத்துவரின் வண்டி நடுவில் நிறுத்தப்பட்டது. சுற்றி நின்றவர்கள் இருபத்துநான்கு என்ற எண்ணைக் கிசுகிசுத்தார்கள். வார்ப்பு மட்கார்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பக்கத்தில் காட்சிப்படுத்தியிருந்தார் ஆலோசகர். டாக்சியில் வந்திறங்கிய மருத்துவர், கோட்டை நீவிவிட்டுக்கொண்டு அருகில் போய் நின்றார். எல்லாம் தயார். நடுவரை மட்டும் காணவில்லை.

நடுவர் வராமல் இல்லை. நுழைவாயில் வேகத்தடையின்மீது அவருடைய வண்டியின் வயிறு தட்டி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் அமர்ந்துவிட்டது. எட்டுப்பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவர் உள்ளேயே இருந்தார். கதவைத் திறக்க இடமில்லை.

வெயில் ஏறியது. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளம்பணுங்க."

"நடுவர் இறங்கிட்டார்னா அரை மணி நேரம். நடுவுல எடுத்தா இடம் போயிடும்மா."

மனைவியின் தொலைபேசி ஒலித்தது. அக்கா எப்போதும் தெருவுக்கே கேட்கும்படி பேசுபவர்.

"கிளம்பிட்டியாடி? எல்லாரும் உக்காரப் போறாங்க. ஒரே ஒரு கேள்வி. ஒரு தட்டா, ரெண்டா?"

மனைவி தொலைபேசியை முகத்தருகிலிருந்து எடுத்து, மருத்துவரின் பக்கமாக நீட்டினார். கோபம் இல்லை, வலியுறுத்தல் இல்லை. கேள்வி யாருக்கானதோ அவரிடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

மருத்துவர் தொலைபேசியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். இத்தனை நாள் அவர் எந்த அவசரப் பல்லின் பின்னால் ஒளிந்துகொண்டாரோ, அந்தப் பல் இன்று இல்லை. கண்ணெதிரே நின்றதெல்லாம் அழகாக நின்றுகொண்டிருந்த, ஒருவரையும் எங்கும் கொண்டுபோகாத நூறு வண்டிகள். மறுமுனையில் யாரோ பாத்திரம் வைக்கும் ஒலி கேட்டது.

"ரெண்டுங்க" என்றார் அவர். "கொஞ்சம் லேட்டாகும். ஆனா ரெண்டு."

"யாரு பேசறது?" என்றது தொலைபேசி.

மருத்துவர் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். ஆலோசகரிடம் போனார்.

"உங்க சர்வீஸ் வேன்ல ஜாக்கி இருக்குமே. அந்த வளையம் திருகற கொக்கி ஸ்பேனரும் வேணும்."

"எதுக்கு சார்?"

"ஏத்தணும்."

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். தலைவர் வேகமாக வந்து அவர் தோளைப் பற்றினார். "டாக்டர், நிதானமா இருங்க. உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்."

"உக்காந்தாத்தாங்க உரசுது."

"சரி, செய்யறதா இருந்தா வெளியில போய்ச் செய்யுங்க. இங்க சின்னப் பசங்கல்லாம் இருக்காங்க!"

மருத்துவர் அதற்குள் தரையில் படுத்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் முதுகில் மண் ஒட்டியது. ஜாக்கியில் தூக்கிய முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை நுழைத்து வளையத்தைத் தேடினார். பல்லாண்டுகளாகப் பார்வைக்கு எட்டாத கடைவாய்களில் விரலாலேயே வேலை பார்த்த கை அது, தடுமாறவில்லை. ஒவ்வொரு திருகலுக்கும் கூட்டத்தில் யாரோ முனகினார்கள். இருபத்திரண்டு அணியைச் சேர்ந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தைந்து அணியினர் தங்களுக்கு முன்பே தெரியும் என்றார்கள்.

ஆலோசகர் சக்கரத்தின் அருகே குந்தினார். "சார், அந்த இருபத்து நாலு... அதை எதுக்காகக் கண்டுபிடிச்சோம்?"

"அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றது வண்டிக்கு அடியிலிருந்து மருத்துவரின் குரல். "வாய் திறந்திருக்கும்போது பார்த்த அளவு அது. அடுத்த சக்கரத்துக்கு ஜாக்கியை நகர்த்துங்க."

நான்கு சக்கரங்களும் முடிந்தன. வண்டி இறக்கப்பட்டபோது, டயருக்கு மேலே இரண்டு விரல் நுழையும்படியாகச் சந்து திரும்பி வந்திருந்தது. மருத்துவர் நீலத் தாளை ஒட்டினார். மனைவியை உட்காரச் சொன்னார். தாமும் உட்கார்ந்தார். கதவுகளைச் சாத்திக்கொண்டு இருவரும் இருக்கையில் அமர்ந்தபடியே, ஊஞ்சலில் உந்துவதுபோல, மேலும் கீழும் அழுத்தினார்கள். வண்டி குலுங்கியது. வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து ஒரே வேலையை இத்தனை மும்முரமாகச் செய்து நாளாகியிருந்தது. மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாக் கடிங்க" என்றார்.

மருத்துவர் இறங்கிப் பார்த்தார். தாள்கள் நான்கும் சுத்தமாக இருந்தன.

தலைவர் முறைப்படி அறிவித்தார்: இடைவெளி காரணமாக அந்த வண்டி போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது. மருத்துவர் தலையசைத்தார். மனைவி குடையையும் கைப்பையையும் பின்னால் வைத்தார். பெண்களின் வேனில் ஒளித்துவைத்திருந்த இன்னொரு பையையும் எடுத்துவந்து வைத்தார். அக்காவுக்கு வாங்கிவைத்திருந்த பரிசு, பாரம் என்று சொல்லிவிடுவார்களே என்று ஒரு மாதமாகப் பேரவைக்குத் தெரியாமல் இருந்தது. மருத்துவர் வண்டியைக் கிளப்பினார்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். தலைவரின் மனைவி. வேனில் வந்த பெண்கள் சிலர் அவருக்குப் பின்னால், சாப்பாட்டுக் கூடைகளைக் கீழே வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள்.

"டாக்டர், அந்தக் கொக்கி மாதிரி இருந்ததே, உங்க வேலை முடிஞ்சுதுங்களா?"

மருத்துவர் மடியிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். திருப்பிக் கொடுக்க மறந்திருந்தார். "இது என்னோடது இல்லைங்க. ஆலோசகரோடது."

"யாரோடதா இருந்தா என்ன? வேன்ல டிரைவர் வழி பூரா ஒரே பாட்டையே போடறார். திரும்பிப் போறப்ப எங்களால முடியாது. அவங்கவங்க வீட்டு வண்டியிலயே ஏறிப் போயிடறோம்."

மருத்துவர் ஆலோசகரைத் தேடினார். அவர் கண்ணாடிப் பெட்டியில் இருந்த வார்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்குள் மனைவி கணவரின் மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, அவர் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி, சன்னல் வழியாகக் கொடுத்துவிட்டார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்மா?" என்று கேட்டார் தலைவரின் மனைவி.

"ஏறற பக்கம். கையிலயே தெரியும்."

"முதல்ல ஜாக்கி போட்டுக்குங்க" என்றார் மருத்துவர். எஞ்சின் ஒலியில் அது கேட்டிருக்காதோ என்று, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இன்னொரு முறையும் சொன்னார். பிறகு வண்டியை வெளியேறும் வழியில் திருப்பினார்.